முள் எதை எண்ணுகிறது?

கேள்வி: என் காரின் நான்கு சிலிண்டர் என்ஜினைக் கழற்றிவிட்டு ஆறு சிலிண்டர் என்ஜின் ஏற்றினேன். வண்டி சும்மா நிற்கும்போதே ஆர்.பி.எம். மீட்டரின் முள் 1200-ஐத் தொடுகிறது. அவசரம் என்ஜினுக்கா, மீட்டருக்கா?

பதில்: என்ஜின் நிதானமாகவே இருக்கிறது, அவசரமெல்லாம் மீட்டருடையது. டாக்கோமீட்டர் என்னும் அந்தக் கருவி கிராங்க் ஷாஃப்ட்டின் சுற்றுகளை நேரில் கண்டு எண்ணுவதில்லை. இக்னிஷன் காயிலில் ஒவ்வொரு பொறிக்கும் எழுகின்ற மின்துடிப்பை எண்ணி, இத்தனை துடிப்புக்கு ஒரு சுற்று என்று தன்னுள் அமைந்துவிட்ட பிரமாணத்தைக் கொண்டு அனுமானம் செய்தே முள்ளை நகர்த்துகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி பெறுவதால், சுற்று ஒன்றுக்கு நான்கு சிலிண்டர் என்ஜின் இரண்டு துடிப்பும், ஆறு சிலிண்டர் மூன்றும், எட்டு சிலிண்டர் நான்கும் தருகின்றன. இரண்டு துடிப்பை ஒரு சுற்றென்று கொள்ளும் தங்கள் பழைய மீட்டர், மூன்று துடிப்பைக் கண்டதும் ஒன்றரைச் சுற்று என்று தீர்மானித்து, 800-ல் நிற்கும் என்ஜினை 1200 என்று அறிவிக்கிறது. அது கண்டதில் பிழையில்லை, அனுமானித்ததில்தான் பிழை.

கேள்வி: ஓட்டுகிறவன் நான்தானே? முள் காட்டுவதில் மூன்றில் ஒரு பங்கை மனத்துக்குள் கழித்துக்கொண்டால் போதாதா?

பதில்: கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கைப் போடவேண்டிய தருணமோ, எதிரே லாரி வர, முன்னே பஸ் போக, கையும் காலும் கண்ணும் தத்தம் காரியத்தில் மூழ்கியிருக்கும் தருணம். தங்களுடைய மீட்டர் மிகைப்படுத்திச் சொல்வதால் அபாயம் சொற்பம். குறைத்துச் சொல்லும் மீட்டரே அஞ்சத் தக்கது. எட்டு சிலிண்டருக்கென்று அமைந்த மீட்டரை நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு மாட்டினால், 6000 சுற்றில் கதறுகின்ற என்ஜினை 3000 என்று சொல்லி, இன்னும் மிதிக்கலாம் என்று தைரியமும் கொடுக்கும். அதை நம்பி மிதித்தால், வால்வு ஸ்பிரிங்குகள் வால்வுகளை உரிய காலத்தில் மூடமாட்டாமல் தோற்று, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் விபரீதம் வரையில் அது கொண்டுபோய் விடக்கூடும்.

கேள்வி: பெரிய கம்பெனிகளும் இப்படி என்ஜின் மாற்றியதுண்டா?

பதில்: உண்டு. 1962-ல் வெளிவந்த இங்கிலாந்தின் எம்.ஜி.பி. காருக்கு 1798 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜின்; 1973 முதல் 1976 வரை அதைத் தயாரித்த கம்பெனியே அதில் ரோவரின் 3528 சி.சி. எட்டு சிலிண்டர் என்ஜினை வைத்தும் விற்றது. அந்த முன்மாதிரியைப் பின்பற்றித் தம் பழைய எம்.ஜி.பி.களில் ரோவர் என்ஜினை ஏற்றியவர்கள் பலர். அவர்களுடைய பழைய மீட்டர் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிச் சொல்லும் என்பது முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல் இன்னும் சூட்சுமமானது: அக்கார்கள் பலவற்றில் இருந்த 1960-களின் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர், காயிலின் முனையில் எழும் மின்னழுத்தத்தைப் பாராமல், காயிலுக்குப் போகும் ஒயரிலே ஓடுகிற மின்னோட்டத்தையே உணர்ந்து எண்ணுவது. ஆகையால் எத்தனை துடிப்பு என்று கேட்பதோடு எவ்வகைத் துடிப்பு என்றும் கேட்டாக வேண்டும்.

கேள்வி: என் கதை வேறு. நான் ஏற்றியிருக்கும் நவீன நான்கு சிலிண்டர் என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, நான்கு பிளக்குக்கும் தனித்தனிக் காயில். மீட்டர் ஒயரை எந்தக் காயிலில் கொடுப்பது?

பதில்: எதிலும் கொடுக்க வேண்டாம். தனிக்காயில் ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்பே தருமாதலால், மீட்டர் உயிர்பெற்றாலும் நாலில் ஒரு பங்கையே சொல்லும். என்ஜினை ஆளுகிற ஈ.சி.யூ. பெட்டியில் டாக்கோமீட்டருக்கென்றே ஒரு முனை பெரும்பாலும் இருக்கும். துடிப்பை அங்கிருந்து பெறுவதே உசிதம். அம்முனைகளிற் பல, தாமாக மின்னழுத்தம் தராமல் ஒயரைப் பூமியோடு சேர்த்தும் விலக்கியும் மட்டுமே சைகை செய்பவை. அவற்றுக்கும் 12 வோல்ட் ஒயருக்கும் இடையே சில கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தாலன்றி மீட்டருக்குச் சைகை எட்டாது. காயிலின் நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளலிலேயே பழகிய பழைய மீட்டருக்கு அதுவும் போதாதெனில், சைகையைப் பெருக்கித் தரும் அடாப்டர் கடையில் கிடைக்கும்.

கேள்வி: டீசல் என்ஜினில் பொறியே இல்லையே, மீட்டர் எதை எண்ணும்?

பதில்: ஆல்டர்னேட்டரை எண்ணும். அதில் டபிள்யூ என்று குறித்த முனை இருந்தால் அங்கே துடிப்பு கிடைக்கும். பன்னிரண்டு துருவ ஆல்டர்னேட்டர் தன் சுற்று ஒன்றுக்கு ஆறு துடிப்பு தரும். அது என்ஜினைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும்படி புல்லிகள் அமைந்திருந்தால், என்ஜின் சுற்று ஒன்றுக்குப் பன்னிரண்டு. இக்கணக்குக்கு இசைகின்ற டீசல் மீட்டரையே வாங்க வேண்டும். பிற்பாடு புல்லியை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: எலெக்ட்ரீஷியன் முள்ளைப் பிடுங்கி, 800-ல் திருப்பிக் குத்திக் கொடுத்தார். இப்போது சரிதானே?

பதில்: 800-ல் மட்டும் சரி. முதற்கேள்வியில் கண்ட மீட்டரில் அவ்வாறு 400-ஐக் குறைத்தால், என்ஜின் 3000-ல் சுழலும்போது 4500 என்று காட்ட வேண்டிய முள் 4100-ல் நிற்கும். பிழை விகிதத்தில் இருக்க, நிவாரணத்தைக் கழித்தலில் தேடினால் பொருந்தாது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே படியால் நெல் அளப்பவனைப்போல, மீட்டரின் உள்ளமைப்பு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே அளவு மின்சாரத்தை முள்ளுக்கு வழங்குகிறது. நான்கு சிலிண்டர் ஆறானால் அந்தப் படியை மூன்றில் இரண்டாகச் சிறிதாக்க வேண்டும். சில மீட்டர்களின் முதுகில் 4, 6, 8 என்று சுவிட்சே உண்டு. சிலவற்றில் திருப்பித் திருத்தும் சிறு திருகு உண்டு. இரண்டும் இல்லாதவற்றில், படியின் அளவை நிர்ணயிக்கின்ற ரெசிஸ்டரை விஷயமறிந்தவரைக் கொண்டு மாற்றலாம்.

கேள்வி: சரியாயிற்று என்று வீட்டிலேயே பரீட்சிக்க உபாயம் உண்டா?

பதில்: உண்டு, பழைய சோக் வைத்த டியூப்லைட் போதும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுவதால் அவ்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. இரவில் அதன் ஒளியில் மட்டும், கிராங்க் புல்லியில் சாக்பீஸால் ஒரே ஒரு கோடு போட்டு, ஐட்லிங்கிலிருந்து மெல்ல வேகத்தைக் கூட்டினால், 1000 சுற்றில் ஆறு கோடுகளும், 1200-ல் ஐந்தும், 1500-ல் நான்கும், 2000-ல் மூன்றும், 3000-ல் இரண்டும் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். இரண்டு மூன்று வேகங்களில் முள்ளையும் கோடுகளையும் ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் ஒத்துப்போனாலே விகிதம் சரியென்று கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கைப் போட்டு, துண்டையும் வேட்டி நுனியையும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்டாமல் ஒதுக்கிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: இவ்வளவும் செய்தாயிற்று. இனிக் கவலையின்றி முள்ளைச் சிவப்புக் கோடு வரைக்கும் விரட்டலாமா?

பதில்: அந்தச் சிவப்புக் கோடு யாருக்காக வரையப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அது கழற்றி வைத்த பழைய என்ஜினின் எல்லை; புதிய என்ஜினின் எல்லை அதற்குரிய கையேட்டில் இருக்கிறது. எண்ணைத் திருத்திய கையோடு எல்லையையும் திருத்தி, மீட்டரின் முகத்தில் புதிய கோட்டை வரைந்த பிறகே மிதியுங்கள்.