தட்டு, கல், பூ

2020 மார்ச் 22, மாலை 5 மணி. மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல நாடே பால்கனியில் நின்று தட்டைத் தட்டியது. தட்டிய கை ஓய்வதற்குள், கொரோனா பயத்தில் சில வீட்டுக்காரர்கள் தங்களிடம் குடியிருந்த டாக்டர், நர்ஸ்களின் கதவைத் தட்டினார்கள். "வீட்டைக் காலி பண்ணிடுங்க." அப்படிச் சொல்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மார்ச் 24 அன்றே டெல்லி அரசு உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஏப்ரலில் சென்னையில், கொரோனாவுக்குப் பலியான மருத்துவரின் உடலைச் சுமந்துபோன ஆம்புலன்ஸ் மீது கல் விழுந்தது.

மே 3-ல் மருத்துவமனைகள் மீது ஹெலிகாப்டர் பூ தூவியது. உள்ளே, கவச உடைக்குள் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருந்த நர்ஸுக்கு அது தெரிய நியாயமில்லை. கண்ணாடி முழுக்க ஆவி.

மனம் சோர்ந்தால் அழைக்க, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மையம் வழியாக உதவி எண்ணும் இருந்தது. ஷிஃப்ட் முடியும்வரை கையுறையைத்தான் கழற்ற முடியவில்லை.