இன்னும் ஓடும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுவோரை இரு வகுப்பாராகப் பிரிக்கலாம்: டயர் தேய்ந்திருப்பதை அறிந்தும் "இன்னும் ஓடும்" என்பவர்கள் ஒரு வகுப்பு, அறியாமலே அவ்வாறு சொல்பவர்கள் மற்றொரு வகுப்பு.

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற என் அயலவர் முதல் வகுப்பின் தலைமாணாக்கர். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, விளக்குக்குச் சந்தனப் பொட்டிட்டு, கைபிடியில் எலுமிச்சம்பழம் கட்டி, பெற்றோல் டாங்கியை முகம் தெரியுமளவுக்குத் துடைக்கின்ற அவருடைய சிரத்தை, நிலத்தைத் தொடுகின்ற அந்த இரண்டு ரப்பர் வளையங்களை மட்டும் ஒருநாளும் எட்டிப்பார்த்ததில்லை. டயரின் பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்பது கணக்கு. அவருடைய பின் டயரிலோ பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. சர்வமும் சமமாகிவிட்ட ஒரு வேதாந்த நிலை.

விலாப்புறத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். மகளின் ஜாதகத்தை ஊரிலுள்ள சோதிடரிடமெல்லாம் காட்டிய மனிதர், தம்மை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருகின்ற வஸ்துவின் ஜாதகத்தை ஒரு தடவையேனும் வாசித்ததில்லை.

இத்தனைக்கும் ரப்பர் நமக்கு அந்நியமான பொருளன்று. விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் கன்றுகள் 1876ஆம் ஆண்டிலேயே கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வந்திறங்கின. மாத்தளைச் சரிவுகளிலும் சிரட்டை கட்டிய மரங்களைக் காணலாம். 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் என்ற மிருக வைத்தியர் தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தாராம்; பிள்ளைக்கு அவர் செய்ததைத் தமக்குத் தாமே செய்துகொள்ள நம்மவருக்குத்தான் மனம் வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டயர் விலையும் அப்படி என்பதை மறுப்பதற்கில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியை ஒருநாள் அயலவருக்கு நினைவூட்டினேன். மனிதர் நடக்கும் வேகத்தைக் காட்டிலும் மெதுவாக ஊர்கின்ற தேர். ஆயினும் சக்கரத்தோடு சக்கரமாகக் கட்டையைப் பிடித்தபடி நகர்கின்ற ஆட்கள், அம்பாளின் திருமுகத்தைக்கூடப் பாராமல், கண்ணை அச்சிலும் நிலத்திலுமே வைத்திருப்பார்கள். சாட்சாத் அம்பாளின் வாகனத்துக்கே இவ்வளவு காவல் என்றால், மூடுபனியில் வளைவு வளைவாக இறங்குபவருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன்.

"தேருக்கு பிரேக் இல்லையே, தம்பி. எனக்கு இருக்குது" என்றார்.

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர் என்ற என் வாதம் எடுபடவில்லை. அதற்கடுத்த வாரம் ஈரத் தாரில் வண்டியின் பின்பக்கம் அவருடைய சம்மதமின்றியே திரும்பிப் பார்த்தது, அது எடுபட்டது.

டயர்க்கடை பாஸ் சிறு வயதினர், பேச்சுக் குறைந்தவர். சவர்க்கார நீர் தடவி, இரண்டு லீவர்களால் பழைய டயரின் விளிம்பை நெம்பிக் கழற்றினார். புதிய டயரின் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையையே காட்டுகிறதா என்று பார்த்தார். டியூபுக்குப் பவுடர் பூசி, வால்வ் சாயாமல் நேரே நிற்கச் செய்தார். காற்றடித்தபின் ரிம்மை ஒட்டிய கோடு சுற்றிலும் ஒரே சீராகத் தெரியும்வரை சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். செயினை இழுத்து இருபுறக் குறிகளையும் சமப்படுத்தி, அச்சு நட்டை இறுக்கியபின், அதைப் பூட்டும் பழைய பின்னையே நிமிர்த்திப் போடலாமே என்று நம்மவர் யோசனை சொல்ல, அதைச் செவியில் வாங்காமல் புதிய பின்னைச் செருகி வளைத்துவிட்டார். புதிய ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும், ஆதலால் முதல் 150 கிலோமீற்றர் வரை பிரேக்கையும் வளைவையும் மெதுவாகக் கையாள வேண்டும் என்பதுதான் அவர் வாய்திறந்து சொன்ன ஒரே உபதேசம்.

நம்மவர் பயபக்தியோடு தலையசைத்துவிட்டு, கழற்றிய டயரை அன்போடு தட்டியபடி, "இதை முன் சக்கரத்துக்குப் போட்டா என்ன?" என்று வினவினார்.

பாஸ் கத்தியை எடுத்து அந்த டயரின் விலாவைக் குறுக்கே அறுத்தார்.

"இப்பக் கேளுங்க, சேர்."