வாயுவும் மருந்தும் ஒரே சட்டியில்

தமிழ்நாட்டில் சூப் என்றால் அதற்கு ஒரு வியாதி வேண்டும். வாழைத்தண்டு சூப் சிறுநீரகக் கல்லுக்கு. முடக்கத்தான் சூப் மூட்டுவலிக்கு. ஆட்டுக்கால் சூப் எலும்பு முறிந்தவருக்கும், முறிந்துவிடுமோ என்று பயப்படுபவருக்கும். பூங்கா வாசலில் நிற்கும் தள்ளுவண்டியின் பலகையில் விலைக்கு முன்னால் நோயைத்தான் எழுதியிருப்பார்கள். ருசிக்காகச் சூப் குடிப்பவர் என்றால் கல்யாண ரிசப்ஷனில்தான் பார்க்கலாம். அங்கே கிடைப்பது சோளமாவு கரைத்த வெந்நீர்.

ஆகவே, விடாமல் மழை பெய்த ஒரு சாயங்காலம் உருளைக்கிழங்கு பூண்டு சூப் வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், அத்தை கேட்ட முதல் கேள்வி, "அது எதுக்கு நல்லதாம்?"

என்னிடம் கேட்கவில்லை. என் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றாலும் பேச்சு மகள் வழியாகத்தான் வந்துசேரும்.

"ஒண்ணுக்கும் இல்லை அத்தை, சும்மா குடிக்கத்தான்."

"சும்மா குடிக்கவாம்மா" என்றாள் என் மனைவி, அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்தும்.

"கிழங்கு வாயுவாச்சே. மழை நேரத்துல வேற. யோசிச்சுப் பார்க்கச் சொல்லு."

யோசித்தேன். நம் வீட்டு வைத்தியப்படி வாயுவைக் கொடுப்பது கிழங்கு, அதை முறிப்பது பூண்டு. இந்தச் சூப்பில் வியாதியும் மருந்தும் ஒரே சட்டியில் வேகின்றன. தான் செய்யும் கெடுதலைத் தானே சரிசெய்து கொடுக்கிற யோக்கியமான சூப் வேறு எது? இதை எடுத்துச் சொன்னதும் அத்தை சற்று இறங்கிவந்தார். "அப்ப பூண்டைக் கூடப் போடச் சொல்லு."

பிரான்சில் இவ்வளவு சீக்கிரம் இறங்கிவரவில்லை. கிழங்கு தின்றால் தொழுநோய் வரும் என்று அங்கே பயந்து, பன்றிக்குப் போட்டுவந்தார்கள். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைபட்ட பார்மான்தியே என்ற ராணுவ மருந்தாளர், உள்ளே கிழங்கையே தின்று, ஒரு கேடும் இல்லாமல் வெளியே வந்தார். அன்றிலிருந்து கிழங்குக்காக வாதாடினார். 1772இல்தான் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் கூடி, இதைச் சாப்பிடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். கிழங்கும் லீக் தண்டும் போட்ட பிரெஞ்சு சூப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். எங்கள் வீட்டில் அனுமதி கிடைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அரைக் கிலோ கிழங்கு, இரண்டு முழுப் பூண்டு, ஒரு பெரிய வெங்காயம். பூண்டு, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் உத்தமம். கிழங்கு ஊட்டிக் கிழங்காக இருக்கட்டும். சந்தையில் கேட்டால் எல்லாக் கிழங்கும் ஊட்டிதான். கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால் அசல் ஊட்டி.

இரண்டு முழுப் பூண்டா என்று பதற வேண்டாம். பூண்டை நறுக்கும்போதோ நசுக்கும்போதோதான் உள்ளிருக்கும் நொதி வேலையில் இறங்கி, அல்லிசின் என்ற காரமான பொருளை உண்டாக்குகிறது. மூக்கைத் துளைப்பது அதுதான். உரித்த பல்லை முழுசாகவே வெண்ணெயில் போட்டு, சிறுதீயில் கால் மணி நேரம் வதக்கினால் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். காரம் பிறக்கவே பிறக்காது. பல் மெத்தென்று இனிக்கும். பொறுமையில்லாமல் தீயைக் கூட்டினால் கருகிக் கசக்கும், அவ்வளவுதான்.

பிறகு வெங்காயம், கிழங்குத் துண்டுகள், ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு. குழைய வேகட்டும். மசிக்க மிக்சியைத் தொடாதீர்கள். அதன் பிளேடு கிழங்கின் மாவுச்சத்தைக் கிழித்து வெளியே இழுத்துவிடும், சூப் பசையாகிவிடும். தேர்தல் சமயமென்றால் அதை வைத்து ஒரு தெரு முழுக்கப் போஸ்டர் ஒட்டலாம். பருப்பு மத்து போதும். கடைசியில் ஒரு டம்ளர் காய்ச்சிய பால், கைநிறைய மிளகு இடித்துப் போட்டால் வேலை முடிந்தது.

வேலை முடிந்தது என்று நான் சொல்கிறேன். சூப் வைப்பது சுலபம், அதைச் சூப்பாகவே வைத்திருப்பதுதான் பாடு. வாசனை கூடத்துக்குப் போனதும் ஒவ்வொருவராக அடுப்படிக்கு வந்தார்கள். சீரகம் போட்டால் மணமாக இருக்கும் என்றாள் மனைவி. வாயுவென்றால் பெருங்காயம் வேண்டாமா என்று மகள் வழியாகக் கேட்டார் அத்தை. மாமனார் எட்டிப் பார்த்து, "கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டினா சோத்துக்கே ஊத்திக்கலாமே" என்றார். எல்லாருக்கும் இணங்கியிருந்தால் ஏழு மணிக்குள் அது ரசமாகியிருக்கும். கரண்டியைக் கையைவிட்டு இறக்காமல் காவல் காத்தேன்.

அத்தை ஆற்றி ஆற்றி ஒரு டம்ளர் குடித்தார். "உப்பு சரியாத்தான் போட்டிருக்காரு" என்றார், மகளைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டம்ளர் போனது. அதற்கு எந்த வியாதியும் காரணமாகச் சொல்லப்படவில்லை.

மிச்சம் ராத்திரியிலேயே கெட்டிப்பட்டுவிட்டது. காலையில் நான் எழுந்து வருவதற்குள் அத்தை அதில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய் தாளித்து, மஞ்சள்தூள் போட்டுப் பூரிக்கு மசாலாக இறக்கியிருந்தார். கடலைமாவு கரைத்து ஊற்றுகிற வேலை மிச்சம்.