கறுப்பு டேப் வைத்தியம்

டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ, நான் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். மூன்று வாரம் காரில் ஒரு கோளாறும் இல்லை.

நாலாவது வாரம் கரோல் பாக் சிக்னலில் வண்டி இருமி நின்றது. பின்னாலிருந்தவர்கள் என் பரம்பரையை ஹிந்தியில் விசாரித்தார்கள். இருபது வருட டெல்லி வாசத்தில் ஹிந்தி முழுசாகப் புரிந்தது அன்றுதான்.

வாரண்டி பாக்கியிருந்தும் ஷோரூம் போகப் பயம். ஆன்லைனில் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் செருகினால் போனில் கோட் வரும். பி0 என்று ஆரம்பித்தால் எல்லாக் கம்பெனிக்கும் பெரும்பாலும் ஒரே அர்த்தம், கூகுளே சொல்லிவிடும். பி1 என்றால் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எனக்கு வந்தது பி1. சாக்கெட்டைத் தேடிக் குனிந்ததில் முதுகு பிடித்ததுதான் மிச்சம்.

தெருமுனை மிஸ்திரியிடம் போனேன். "இந்த நம்பருக்கு அர்த்தம் கம்பெனி புக்கில்தான் இருக்கும் சாப், எங்களுக்குத் தரமாட்டார்கள்" என்றார். விடுவேனா? போனில் படித்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன். 2011-ல் போன ஒரு புகாரை விசாரித்து, 2014 ஆகஸ்ட் 25-ல் நம் டெல்லியிலிருக்கும் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸ், கோளாறு கண்டுபிடிக்கும் கருவி எல்லாம் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. வெளியே ரிப்பேர் செய்தாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்றது. கம்பெனிகள் அப்பீல், ஹைகோர்ட் என்று போனது, 2022 டிசம்பரில் அரசு திறந்த 'ரிப்பேர் உரிமை' போர்ட்டல், ஒன்றையும் விடவில்லை. அவர் கையைத் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டார். "ஆர்டர் இருக்கிறது. சரி. புக் எங்கே சாப்?"

டீக்காசை நான் கொடுத்தேன்.

கடைசியில் ஷோரூம். ஏசி அறை, இலவச காபி. இலவசமாக எதுவும் தந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பையன் ஒருவன் லேப்டாப்பைச் செருகி, இரண்டே நிமிஷத்தில் எஞ்சினுக்குள் கைவிட்டு ஒரு வயரை இழுத்துக் காட்டினான். "யார் சார் இதை வெட்டி ஒட்டினது?"

போன தீபாவளிக்கு யூட்யூப் பார்த்து டேஷ்கேம் மாட்டியவன் யாரென்று எனக்குத் தெரியும்.

"இது வாரண்டியில் வராது சார்" என்றான். ஆர்டரைக் காட்டலாமென்று வேகமாகப் போனை எடுத்தேன். வெளியாள் செய்த மோசமான ரிப்பேரால் வந்த சேதம் என்றால், அந்த அளவுக்கு வாரண்டியை மறுக்கலாம் என்றும் அதிலேயே போட்டிருந்தது. போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு ஜிபே-க்காக மறுபடி எடுத்தேன்.

அவன் டேப்பை உரித்தபடி, "இது எதுக்கு சார்?" என்றான். வெயிலுக்கு என்றேன்.