வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?

எங்கள் பக்கத்தில் பிரட் சாப்பாட்டில் சேர்த்தியில்லை, வைத்தியத்தில் சேர்த்தி. சொந்தக்காரர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு பாக்கெட் பிரட், நாலு சாத்துக்குடி, வசதிப்பட்டவர் என்றால் கூடவே ஹார்லிக்ஸ். காய்ச்சல் இறங்கிய மறுநாளே பிரட்டும் வீட்டை விட்டு இறங்கிவிடும். அப்படிப்பட்ட எங்கள் ஊர் திருப்பாலைவனத்தில், வீட்டிலேயே பிரட் சுடும் மிஷின் வைத்திருக்கும் குடும்பத்தைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? யாருக்கோ தீராத வியாதி என்றுதான்.

மிஷின் சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்தது. ஒரு சின்ன அரிசி டின் அளவு, நல்ல கனம், சதுரக் கால் பிளக். முதல் நாள் அது வெந்து மணம் வீசிக்கொண்டிருந்தபோது, பழவேற்காட்டிலிருந்து மடவையும் இறாலும் கொண்டுவரும் மீன்கார அக்கா வாசலில் கூடையை இறக்கினார்.

“இன்னா தம்பி, வூட்ல யாருக்கு ஒடம்பு முடியல?”

“யாருக்கும் இல்லக்கா. சும்மா சாப்பிடத்தான்.”

“சும்மா எவனாவது பிரட்டு துன்னுவானா?”

கேள்வி நியாயமானது. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை, நடுவில் சில இடைவெளிகள் தவிர, இங்கேதான் இருந்தார்கள். துணி ஏற்றினார்கள், காசு அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பிரட் தின்னும் பழக்கத்தை மட்டும் நம் தலையில் கட்ட முடியவில்லை. இலங்கையில் கதை வேறு. அங்கே பாணும் சம்பலும் காலைச் சாப்பாடு. பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு பாண் ஆட்டோ தெருவுக்குள்ளேயே வருகிறது. இங்கே எதிரில் பழைய சோறும் முதல் நாள் மீன் குழம்பும் நின்றன. டச்சுக்காரன் பீரங்கியோடு வந்தும் ஜெயிக்காத இடம் அது. மச்சான் ஒரு பிளக்கோடு வந்து ஜெயிப்பானா?

மிஷினைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர், மைதா, சர்க்கரை, உப்பு, எண்ணெய், ஈஸ்ட் எல்லாம் போட்டுப் பட்டனை அழுத்தினால் தானே பிசைந்து, தானே பொங்கவிட்டு, தானே சுட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கூவி அழைக்கும். பிறந்தது ஜப்பானில். மட்சுஷிடா கம்பெனி எண்பதுகளில் இதைச் செய்யப் பார்த்தபோது மேல்தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. இகுகோ தனாகா என்ற பெண் பொறியாளர், ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, அவர் மாவை இழுக்கும்போதே ஒரு முறுக்கு முறுக்குகிறார் என்று கண்டுபிடித்தார். அந்த முறுக்கைச் செய்யப் பாத்திரத்துக்குள்ளே வரம்புகள் வைத்தார்கள். 1987-ல் மிஷின் கடைக்கு வந்தது. கைக்குத் தெரிந்த வித்தையை வாயால் சொல்ல முடியாது என்பதற்கு இந்தக் கதையை இகுஜிரோ நொனாகா 1991-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்; மேலாண்மை படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அம்மாவுக்கு இதைச் சொன்னேன். “இதுக்கு ஓட்டலுக்குப் போவணுமா? இட்லி மாவுக்கு எவ்ளோ உப்புன்னு கேளு, எனக்குச் சொல்லத் தெரியுதா? கை போடுது” என்று ஹார்வர்டு விஷயத்தை முடித்துவிட்டார்.

ஆனால் ஜப்பான்காரர்கள் சித்திரை வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைப் புழுக்கத்தில் ஈஸ்டுக்குத் திருவிழாக் குஷி வந்துவிடுகிறது. மாவு மூடியை முட்டும்வரை பொங்கி, சுடும் நேரத்தில் மூச்சு விட்டுத் தலை குழிந்து போகும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஈஸ்டைக் குறைத்து, உப்பை ஈஸ்ட் மேல் படாமல் ஒரு மூலையில் போட்டால் அடங்குகிறது. அடியில் பிசையும் துடுப்பு மாட்டிக்கொண்டு விடும் ஓட்டையை மட்டும் யாரும் அடக்க முடியாது. விருந்தாளிக்கு அந்தத் துண்டு போகாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் சாமர்த்தியம்.

அப்புறம் அரிவது. கடை பிரட் ஒரே கனத்தில் நறுக்கி வருகிறது. வீட்டு பிரட் ஆறுவதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், யார் காத்திருக்கிறார்கள்? சூட்டிலே கத்தி வைத்தால் நசுங்குகிறது. அரிவாள்மணையில் வைக்கப் போனேன். “மீன் அரியுற மணைடா அது!” என்று அம்மா போட்ட சத்தத்தில் கோயிலில் இருக்கும் திருப்பாலீஸ்வரரே திரும்பிப் பார்த்திருப்பார்.

இனி காசுக் கணக்கு. மைதா, எண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் பால் பவுடர், அரை யூனிட்டுக்கும் குறைவான கரண்ட் எல்லாம் சேர்த்தாலும் கடை விலையைவிட ஒரு பிரட்டுக்குப் பத்து ரூபாய் மிஞ்சினால் அதிகம். இங்கேயே வாங்கினால் மிஷினுக்கு ஆறேழாயிரம் ஆகும். அதாவது அறுநூறு, எழுநூறு பிரட் சுட்டால் போட்ட காசு வரும். நம் ஊர் வழக்கப்படி காய்ச்சலுக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தால், அதற்கு எத்தனை தலைமுறை படுக்க வேண்டும்?

மிஷின் பக்கமும் ஒரு வார்த்தை உண்டு. 2016-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை பிரட்டுகளைச் சோதித்து, பலவற்றில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருக்கிறது என்றது. அதே ஆண்டு புரோமேட்டுக்குத் தடை வந்தது. வீட்டில் சுட்டால் என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும். தினம் பிரட் தின்னும் வீட்டுக்கு இது பெரிய விஷயம், வாங்கலாம், தப்பில்லை.

நமக்கு? 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டர் செய்தார். ஆட்டுக்கல் முன்னே உட்கார்ந்து தோள் இற்றுப்போன பெண்கள் அதை வாங்கினார்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்த பாரத்தை அது இறக்கியது. பிரட் மிஷினோ, எங்கள் வீட்டில் இல்லாத ஒரு வேலையைக் கொண்டுவந்து வைத்து, அதைத் தானே செய்து கொடுத்துவிட்டு நன்றி எதிர்பார்க்கிறது. திருப்பாலைவனத்தில் எந்தப் பாட்டியும் பிரட் பிசைந்து கை வலித்ததாகச் சரித்திரம் இல்லை.

அதற்கு ஒரு வேலை கிடைத்தது கரண்ட் போன அன்றுதான். மாவு பொங்கிக்கொண்டிருந்தபோது போன கரண்ட், மிஷினின் ஞாபகசக்தி தீர்ந்த பிறகு வந்தது. பட்டனை அழுத்தினால், அது எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து பிசைய ஆரம்பித்தது. அம்மா மாவைப் பிடுங்கி, வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து எண்ணெயில் உருட்டிப் போட்டார். அந்தப் போண்டாவுக்குத் தெருவே கூடியது. மிஷினில் பிசைய மட்டும் ஒரு பட்டன் இருப்பது அதற்குப் பிறகு பெண்கள் கண்ணில் பட்டது. பரோட்டா மாவு, சப்பாத்தி மாவு, நோன்பு மாதத்தில் சமோசா மாவு என்று அது வீடு வீடாகப் போக ஆரம்பித்தது.

போனது சரி, எந்த வீட்டில் இருக்கிறது என்பதில் சண்டை வந்தது. தீர்த்தது மீன்கார அக்கா. ஏரியில் இறால் பிடிக்கச் சுத்து வலை போடும் இடங்களைப் பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு என்று பிரித்து, யார் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். தலைமுறைகளாக நடக்கிற ஏற்பாடு. “அதே மாரி பாடு வுடு தம்பி. முறை தப்புனா அபராதம்” என்றார். தெருவில் பாடு பிரித்தாயிற்று. பட்டியல் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அவருக்கும் ஒரு நாள் உண்டு. பிரட்டுக்கு இல்லை, பேரனுக்குப் பரோட்டாவுக்கு.

எங்கள் முறை வியாழக்கிழமை. அன்றைக்குப் பராமரிப்பு வேலைக்காக நாள் பூராவும் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். புதன்கிழமைக்காரரிடம் மாற்றிக்கொள்ளக் கேட்டேன். பாடு பிரித்த பிறகு மாற்றமெல்லாம் கிடையாதாம்.