திரும்பக் கேட்பது தப்பில்லை

கேள்வி: எங்களுடையது சின்னக் கூட்டுறவுச் சங்கம். ஹேக்கருக்கு எங்கள் ஊர் எங்கே தெரியப்போகிறது?
– சங்கப் பணியாளர், ஐயங்கார்குளம்

பதில்: தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 2024 ஜூலை கடைசியில் வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளில் யுபிஐ, ஏடிஎம் சேவைகள் நின்றன; கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும்தான் அவை. அடி விழுந்தது ஓரிடத்தில், வலித்தது 300 இடத்தில். உங்கள் கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து யார் யார் நுழையலாம் என்று சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரிடம் இன்றே கேளுங்கள்.

கேள்வி: செயலாளர் படம் போட்ட புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. ‘மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே பணம் போடு’ என்கிறது. போடலாமா?
– காசாளர், வாலாஜாபாத்

பதில்: கூடாது. படத்தை யாரும் வைக்கலாம். குரலைக்கூடப் போலியாகச் செய்யலாம். செயலாளரின் பழைய எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள். திரும்பக் கேட்பவர்மேல் கோபப்பட மாட்டோம் என்று நிர்வாகம் எழுதியே கொடுக்க வேண்டும்.

கேள்வி: பணம் அனுப்ப இரண்டு பேர் ஒப்புதல் வேண்டுமாம். எங்களை நம்பவில்லையா?
– எழுத்தர், உத்திரமேரூர்

பதில்: உங்கள் ஊர் குடவோலைக் கல்வெட்டைப் படியுங்கள். முதலாம் பராந்தகன் காலம், 921. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்ததை அங்கிருந்த நம்பிமார் (பூசகர்கள்) எல்லோரும் வாசிக்க வேண்டும். நேர்மையானவர்மேல் பழி விழாமல் காப்பது இப்படிப்பட்ட விதிதான். இரண்டாவது கையெழுத்து உங்களுக்குக் காவல். அதனால் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தினமும் கணக்கு ஒத்துப்பார்ப்பது வீண் வேலைதானே?
– கணக்காளர், காஞ்சிபுரம்

பதில்: 2018 பிப்ரவரியில் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள், ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று பரிமாற்றங்களில் துபாய், துருக்கி, சீனா பக்கம் தள்ளினார்கள். கண்டுபிடித்தது கணக்கு ஒத்துப்பார்த்தபோதுதான். உடனே தெரிந்ததால் துபாய்ப் பணத்தைத் தடுக்க முடிந்தது.

கேள்வி: பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைத்திருக்கிறோம். போதுமா?
– பள்ளி அலுவலகப் பணியாளர், செங்கல்பட்டு

பதில்: போதாது. ரான்சம்வேர் டி டிரைவையும் சேர்த்துப் பூட்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, பல நாள் காகிதத்திலேயே வேலை நடந்தது. தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: தெரியாமல் ஒரு லிங்க்கைத் தொட்டுவிட்டேன். சொன்னால் வேலை போய்விடுமோ?
– பெயர் வேண்டாம், மாகறல்

பதில்: இப்போதே சொல்லுங்கள். நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இலிருந்து விதி. நிர்வாகிகளே, உண்மையைச் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.