பதில் வராமல் காத்திருப்பது எப்படி?

வேலையை முடித்து நீங்கள் அனுப்பிய பில் மூன்று வாரமாக யாரோ ஒருவர் மேசையில் தூங்குகிறது. ‘பணம் எப்போது வரும்?’ என்று கேட்க வேண்டும். மூன்றே சொல். யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அதனால்தான் நீங்கள் எழுதக் கூடாது. இங்கிலீஷில் மெயில் எழுதப் போகிறோம். காத்திருக்க, தேட, எதிர்பார்க்க அந்த மொழியில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. காசா பணமா, அள்ளிப் போடுங்கள். கீழே உள்ள வழிமுறையில் பாதியை ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதியையும் கற்றுக்கொண்டால் கலை முழுமை பெறும்.

1. ‘வெயிட்’டைத் தொடாதீர்கள்.

அது ரேஷன் கடை வரிசையில் நிற்கிற சொல். ‘அவெயிட்’ என்று எழுதுங்கள். முன்னால் ஓர் ‘அ’ ஒட்டியதும் கோட்டு மாட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது, பாருங்கள். வெயிட்டுக்குப் பின்னால் ‘ஃபார்’ வேண்டும். அவெயிட்டுக்கு வேண்டாம், ஃபாரின் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் போடுங்கள்: ‘அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’. மூட்டைக்கு இரண்டு முடிச்சு போட்டால் யாருக்கு நஷ்டம்?

2. நீளமான சொல்லே மரியாதையான சொல்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் ஆங்கிலச் சொற்களை நம் நிகண்டுகளைப் போலப் பொருள்வாரியாக அடுக்கி, 1852-இல், 73 வயதில், ‘தெசாரஸ்’ வெளியிட்டார். தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்று சண்டித்தனம் செய்தால் உதவும் நூல். நீங்கள் அதில் தெரியாத சொல்லைத் தேடுங்கள். இரவு பதினொரு மணி, ஒரு ஜன்னலில் மெயில், பக்கத்து ஜன்னலில் சொற்பட்டியல். ‘ஹோப்’ குட்டை. ‘எக்ஸ்பெக்ட்’ சுமார். ‘ஆன்ட்டிசிபேட்’! நாலு அசை. எடுத்து வையுங்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு ‘முன்கூட்டியே எடுத்துக்கொள்’ என்று பொருள். வரப்போவதை ஊகித்து அதற்கேற்ப நடந்துகொள்வதைக் குறிக்கும் சொல், சும்மா உட்கார்ந்து எதிர்பார்ப்பதை அல்ல என்று கறாரான இலக்கணக்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நீங்கள் நன்றியையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘தேங்கிங் யூ இன் ஆன்ட்டிசிபேஷன்’. பந்திக்கு முன்பே மொய் எழுதிவிட்டவருக்கு இலை போட யாருக்கு அவசரம்?

3. ‘எக்ஸ்பெக்ட்’டைத் தனியே விடுங்கள்.

எதை எதிர்பார்க்கிறோம் என்று சொல்லாமல் ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்’ என்று நிறுத்தினால், ஆங்கிலத்தில் ‘முழுகாமல் இருக்கிறேன்’ என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வராத பயணப்படிக்காக நான் எழுதிய மெயிலில் ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் சின்ஸ் த்ரீ மன்த்ஸ்’ என்று கம்பீரமாகக் குறிப்பிட்டிருந்தேன். மறுநாள் கணக்குப் பிரிவு அம்மா என் மேசைக்கே வந்தார். மீசையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். “தம்பி, மாங்காய் ஏதாவது வாங்கிட்டு வரவா?” என்றார். படி வரவில்லை. ஆனால் அந்த மெயிலை மாடி முழுக்கப் படித்தார்கள். இவ்வளவு வாசகர்கள் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

4. ‘லுக்’ குடும்பத்தில் யாரையாவது கூப்பிடுங்கள்.

லுக் ஃபார் தேடும். லுக் ஆஃப்டர் பராமரிக்கும். லுக் இன்டு விசாரிக்கும். லுக் ஃபார்வர்ட் டு மட்டும்தான் எதிர்பார்க்கும். தமிழன் ‘எதிர்பார்’ என்றால் ஆங்கிலேயன் ‘முன்னே பார்’ என்கிறான். இரண்டு மொழியும் கைகுலுக்கிக்கொள்ளும் அபூர்வமான இடம் இது. இங்கேயே வழுக்கி விழத் தனித்திறமை வேண்டும். ‘லுக்கிங் ஃபார் யுவர் ரிப்ளை’ என்று எழுதி, வராத பதிலைக் கட்டிலுக்கு அடியில் தேடுங்கள். சரியான ஆளையே கூப்பிட்டுத் தொலைத்தீர்களானால், ‘டு’வுக்குப் பின்னால் ‘ஹியரிங்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹியர்’ போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

5. இப்போது மரபுத்தொடர். மூச்சைப் பிடியுங்கள்.

‘வித் பெய்ட்டட் பிரெத்’ என்று சேருங்கள். ‘தணி’ எனப் பொருள்படும் ‘அபேட்’ தலையிழந்து வந்த வடிவம் அந்தப் பெய்ட்டட். நடுவில் ‘ஐ’ எழுத்து ஒன்றைச் செருகினால் தூண்டில் இரை என்று ஆகி, உங்கள் மூச்சில் மண்புழு மணக்கும். செருகுங்கள். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் இந்தத் தொடர் வரும் இடத்தில் ஆவலும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. தன்னை அவமானப்படுத்தியவனே கடன் கேட்டு வரும்போது, நான் அடிமைபோலக் குனிந்து மூச்சடக்கிப் பேசட்டுமா என்று ஷைலாக் குத்திக் கேட்கிறான். அவனுக்கு அது கிண்டல். நீங்களோ, உங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்க, நிஜமாகவே குனிகிறீர்கள். ஷேக்ஸ்பியருக்கே தோன்றாத காட்சி.

கூடவே ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’. கம்பளித் துணியை இழுத்து மாட்டிக் காயவைக்கும் மரச்சட்டத்தின் கொக்கிகள் அவை. நீங்கள் நம்மூர் டெண்டர் என்றே நினைத்து அந்த எழுத்திலேயே எழுதுங்கள். பில் பாஸாகாத விஷயத்தில் அதுவும் பொருத்தம்தான்.

6. தேடத் தொடங்குங்கள்.

பதில் வரவில்லையா? ‘ஐ சர்ச்ட் தி மேனேஜர்’ என்று அவருடைய மேலதிகாரிக்கு எழுதுங்கள். இங்கே ‘ஃபார்’ கட்டாயம் வேண்டும், ஆகவே எடுத்துவிடுங்கள். மேனேஜரை நிற்கவைத்துச் சட்டைப்பையைச் சோதனை போட்டதாக அவர் புரிந்துகொள்வார். பிறகு ஒரு கல்லையும் புரட்டாமல் விடவில்லை என்று சேருங்கள். கி.மு. 479-இல் பிளாட்டியா போருக்குப் பின், பாரசீகத் தளபதி புதைத்த புதையலைத் தேடியவனுக்கு டெல்ஃபி கோயில் குறி சொன்ன யோசனை அது என்பது பழங்கதை. அவனுக்குப் புதையல் கிடைத்ததாம். உங்களுக்குக் கல் கிடைக்கும். மனம் தளராதீர்கள். ‘சர்ச்’ என்ற சொல்லே ‘சுற்றிவா’ என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, சர்க்கஸுக்கு நெருங்கிய சொந்தம். சுற்றுங்கள்.

7. காவல் இருங்கள்.

‘வெயிட்’ ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குக் கண்காணிப்பது, காவலிருப்பது என்றுதான் பொருள். தமிழில் ‘காத்திரு’வுக்குள் இருப்பதும் அதே காவல்தான். ஆகவே கூர்க்காவாக மாறுங்கள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை இன்பாக்ஸைத் திறந்து டார்ச் அடியுங்கள். பத்து நாள் கழித்து ‘ஜென்டில் ரிமைண்டர்’ அனுப்புங்கள். அடுத்ததில் ‘கைண்ட்’டைச் சேருங்கள். அதற்கும் அடுத்ததில் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டு, கைகால் நடுங்குவதை மறையுங்கள். 1953-இல் பாரிஸில் மேடையேறிய பெக்கெட்டின் நாடகத்தில் இரண்டு பேர் ஒரு மரத்தடியில் கோடோவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு பையன் வந்து, இன்று இல்லை, நாளை வருவார் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மறுநாளும் அதே சேதி. உங்களுக்கு வந்த ‘வி வில் ரிவர்ட்’ அந்தப் பையன்தான். அவனுக்கும் நன்றி சொல்லி ஒரு மெயில் போடுங்கள்.

8. விவரம் எதையும் கசியவிடாதீர்கள்.

இதுதான் உயிர்நாடி. மெயிலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாலு வகைக் காத்திருப்பு, ஒரு தூண்டில் புழு, ஒரு கம்பளிக் கொக்கி, முன்பணமாக ஒரு நன்றி, எல்லாம் இருக்கின்றன. பில் எண் இருக்கிறதா? தொகை? எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று? எங்காவது தப்பித்தவறி நுழைந்திருந்தால் உடனே அழியுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் பில்லை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

9. எளிமையான ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நேற்று உங்கள் வீட்டில் குழாய் மாற்றியவர் வாட்ஸப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டீர்களா? “அண்ணே, 1,800 ரூபா பாக்கி. வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்.” அவ்வளவுதான். ஆவலும் இல்லை, மூச்சடக்கலும் இல்லை, ஜென்டிலும் இல்லை. எவ்வளவு, எப்போது, எதற்கு. அவர் பேசி முடிப்பதற்குள் உங்கள் கட்டைவிரல் பணத்தை அனுப்பிவிட்டது.

பார்த்தீர்களா, எவ்வளவு ஆபத்து என்று? வாட்ஸப்பை மூடுங்கள். மணி பதினொன்று. மெயிலைத் திறந்து நாலாவது ரிமைண்டரைத் தொடங்குங்கள். பட்டியலில் இன்னும் நிறையச் சொற்கள் மிச்சம் இருக்கின்றன.